நிறுத்தி ஐந்து நாள் ஆன மருந்து நாயின் சிறுநீரில் எப்படி வந்தது?

கொடுங்கையூரில் இருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவருடைய அண்ணன் ஆஸ்திரேலியாவில் கிரேஹவுண்ட் பந்தய நாய்களை வளர்த்துப் பழக்கும் ஓர் இடத்தில் வேலை செய்கிறார். அங்கே ஒரு பெண் நாய்க்குக் கால் வீக்கத்துக்காக டாக்டர் ஒருவர் மெலாக்சிகாம் என்ற வலி, வீக்க மருந்தை எழுதிக் கொடுத்திருக்கிறார். பந்தயத்துக்கு ஐந்து நாள் முன்பே மருந்தை நிறுத்திவிட்டார்கள். நாய் ஜெயித்தது. பந்தயம் முடிந்ததும் பிடித்த சிறுநீரில் மெலாக்சிகாம் இருப்பதாக அறிக்கை வந்துவிட்டது. "லேப்பில் தப்பு நடந்திருக்குமா? எப்போது கொடுத்தோம் என்பதை மெஷின் சொல்லாதா?" என்று கேட்கிறார். கடைசியில் சின்னதாக ஒரு வரி: தன்னிடம் இருக்கும் சிப்பிப்பாறை நாய் ஓடிவிட்டு வந்தால் பின்னங்காலைத் தூக்குகிறது, வீட்டில் இருக்கும் வலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா என்று.

அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள் தம்பி. ஏன் என்பதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

நான் பெரம்பூரில் வளர்ந்தவன். வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, பல வருடங்களாகப் பாலிலும் இறைச்சியிலும் மருந்து எச்சம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். பந்தய ஆய்வகத்தில் வேலை செய்ததில்லை. ஆனால் மாட்டுப் பாலில் மெலாக்சிகாம் தேடுவதற்கும் நாயின் சிறுநீரில் அதையே தேடுவதற்கும் மெஷின் ஒரே வகைதான், வேதியியலும் ஒன்றுதான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் மருந்தைப் பந்தயத்தில் ஏன் இவ்வளவு கறாராகத் தேடுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். ஊக்க மருந்து என்றால் வேகத்தைக் கூட்டுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மெலாக்சிகாம் எந்த நாயையும் வேகமாக ஓட வைக்காது. கால் வலிக்கிற நாயை, வலிக்காத நாய் மாதிரி ஓட வைக்கும். கிரேஹவுண்ட் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற பிராணி. பெரும்பாலான ஓடுதளங்கள் நீள்வட்டமானவை, ஓட்டம் அவற்றில் இடது பக்கம் திரும்பியே நடக்கும். ஒவ்வொரு வளைவிலும் வலது பின்னங்கால்தான் உடம்பை வெளியே தள்ளும் விசையைத் தாங்குகிறது. அதனால் வலது பின்னங்கால் கணுவின் நடுவில் இருக்கும் சின்ன எலும்பு ஒன்று திரும்பத் திரும்ப அடி வாங்கும். முதலில் எலும்பு இறுகும், பிறகு மயிரிழை போல விரிசல் விடும், ஒரு நாள் வளைவில் நொறுங்கும். கிரேஹவுண்ட் பந்தயத்தின் அடையாளமான எலும்பு முறிவு இதுதான். விரிசல் கட்டத்தில் நாய் லேசாக நொண்டும். அந்த நொண்டல்தான் அதை வளர்ப்பவருக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை. மருந்து அந்த எச்சரிக்கையை அழித்துவிடுகிறது.

வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடி வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. கணுக்கால் சுளுக்கோடு ஊசி போட்டுக்கொண்டு இறுதி ஆட்டத்தில் இறங்கி, அதோடு ஆட்டத்தையே விட்டவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். அவர்களாவது தெரிந்தே இறங்கினார்கள். நாய்க்கு அந்தத் தேர்வு கிடையாது. தனக்கு வலிக்கவில்லை என்பதை மட்டும் அது நம்பி ஓடுகிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அது பந்தயப் பணம். போன வாரம் வலியோடு ஓடித் தோற்ற நாய், இந்த வாரம் மருந்தோடு ஓடி ஜெயித்தால், அதன் மேல் கட்டியவனுக்கு லாபம், எதிரில் கட்டியவனுக்கு மோசடி. குதிரைப் பந்தயத்தில் இதற்குப் பழைய உதாரணம் உண்டு. 1968-இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியில் முதலில் வந்த டான்சர்ஸ் இமேஜ் என்ற குதிரையின் சிறுநீரில் ஃபினைல்பியூட்டசோன் என்ற வலி மருந்து இருந்ததாகச் சொல்லிப் பட்டத்தைப் பறித்தார்கள். அந்தச் சோதனை சரியாகச் செய்யப்பட்டதா என்று வருடக்கணக்கில் வழக்கு நடந்தது. உங்கள் அண்ணன் இன்று கேட்கும் அதே கேள்விதான். ஆனால் அன்றைய வேதியியலுக்கும் இன்றைய வேதியியலுக்கும் இடையில் பெரிய தூரம்.

சரி, சோதனை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஜெயித்த நாயையோ, எதிர்பாராத விதமாக ஓடிய நாயையோ, சும்மா குலுக்கலில் வந்த நாயையோ தேர்ந்தெடுப்பார்கள். ஊழியர் ஒருவர் அதைப் புல்தரையில் நடத்திக் கூட்டிப் போவார். அது காலைத் தூக்கும்போதோ குந்தும்போதோ நீளக் கைப்பிடி வைத்த சுத்தமான கிண்ணத்தில் சிறுநீரைப் பிடிப்பார். நாயோடு வந்தவர் பார்த்துக்கொண்டிருக்க, அதை இரண்டு பாட்டிலில் பிரித்து முத்திரை வைத்து எண் ஒட்டுவார்கள். ஆய்வகத்துக்கு அந்த எண் மட்டும்தான் போகும், நாயின் பெயர் போகாது. ஒரு பாட்டிலைத்தான் திறப்பார்கள். இரண்டாவது உறைநிலையில் பத்திரமாக இருக்கும். அண்ணன் மறக்கக் கூடாத பாட்டில் அந்த இரண்டாவதுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உடம்பு ஒரு மருந்தை அப்படியே வெளியே தள்ளுவதில்லை. கல்லீரல் அதை மாற்றும். மெலாக்சிகாமின் ஒரு முனையில் ஆக்சிஜனைச் சேர்த்து வேறு மூலக்கூறாக்கும். கார்ப்ரோஃபென் போன்ற வேறு வலி மருந்தோடு ஒருவகைச் சர்க்கரை அமிலத்தைக் கோத்து, நீரில் கரையும்படி செய்து அனுப்பும். அந்தச் சர்க்கரைக் கட்டோடு இருக்கும் மருந்தை, மருந்தை மட்டும் தேடுகிற முறையில் பார்த்தால் கொஞ்சமாகத்தான் தெரியும். அதனால் முதல் வேலையாகச் சிறுநீரில் ஒரு நொதியைச் சேர்த்து இளஞ்சூட்டில் சில மணி நேரம் வைத்து அந்தக் கட்டை அவிழ்ப்பார்கள். அப்புறம் பிரித்தெடுப்பது. இந்த வகை மருந்துகளில் பெரும்பாலானவை அமிலத்தன்மை கொண்டவை. சிறுநீரை அமிலமாக்கினால் அவை மின்னேற்றத்தை இழந்து, தண்ணீரை விட்டுக் கரைப்பான் பக்கம் தாவும். அப்படித் தாவியதை எடுத்து, நைட்ரஜன் காற்றில் உலர்த்தி, சில துளிகளாகச் சுருக்கி மெஷினில் செலுத்துவார்கள்.

மெஷின் உண்மையில் இரண்டு மெஷின்களின் ஜோடி. முதலாவது மெல்லிய உலோகக் குழாய். உள்ளே நுண்ணிய துகள் அடைத்திருக்கும். ஒவ்வொரு பொருளும் தன் குணத்துக்கு ஏற்ப அதில் ஒட்டி ஒட்டி நகர்ந்து, தனக்கென்று ஒரு நேரத்தில் வெளியே வரும். இரண்டாவதன் பெயர் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். வெளியே வரும் மூலக்கூறுக்கு மின்னேற்றம் கொடுத்து எடை பார்க்கும். மெலாக்சிகாம் 352 என்ற எடையில் வரும். அந்த எடையுள்ளதை மட்டும் உள்ளே விட்டு, வாயுவில் மோதவிட்டு உடைக்கும். உடைந்த துண்டுகளில் 115, 141 என்ற எடைகளில் இரண்டு வருமா என்று பார்க்கும். குழாயிலிருந்து வெளிவந்த நேரம் பொருந்த வேண்டும், துண்டுகள் இரண்டும் இருக்க வேண்டும், அந்த இரண்டின் அளவு விகிதமும் அசல் மெலாக்சிகாமோடு ஒத்துப்போக வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் "இருக்கிறது" என்று எழுத முடியாது. 1947-இல் தொடங்கிய பந்தய வேதியியலாளர்களின் பன்னாட்டுச் சங்கம் இதற்கான குறைந்தபட்ச விதிகளை வகுத்து வைத்திருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுட்பம் உண்டு. நாயின் சிறுநீரில் உப்பும் நிறமியும் இன்னும் நூறு சங்கதிகளும் கலந்திருப்பதால், அவை மெஷினின் காதை அடைத்து மருந்தின் குரலைக் குறைத்துக் காட்டும். அதைச் சரிசெய்ய, ஆரம்பத்திலேயே சிறுநீரில் மெலாக்சிகாமின் இரட்டைப் பிறவி ஒன்றைத் தெரிந்த அளவு சேர்ப்பார்கள். அதில் மூன்று ஹைட்ரஜனுக்குப் பதில் அதைவிடக் கனமான மூன்று ஹைட்ரஜன் இருக்கும். மற்றபடி எல்லாம் ஒன்றுதான். பிரித்தெடுக்கும்போது அசலில் பாதி வீணானால் இரட்டையிலும் பாதி வீணாகும். அசல் அமுங்கினால் அதுவும் அமுங்கும். ஆனால் எடை 355 என்று வருவதால் மெஷினுக்கு இரண்டும் தனித்தனியாகத் தெரியும். சேர்த்த இரட்டையில் எவ்வளவு மிஞ்சியது என்பதை வைத்து, அசல் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போடலாம்.

எவ்வளவு நுட்பமாகப் பிடிக்கும் என்று நம்மூர்க் கணக்கில் சொல்கிறேன். தெருவுக்கு வரும் மெட்ரோ வாட்டர் லாரி ஒன்றில் 9,000 லிட்டர் பிடிக்கும் என்று வையுங்கள். அதில் 15 மில்லிகிராம் மெலாக்சிகாம் மாத்திரை ஒன்றே ஒன்றைக் கரைத்துவிட்டு, ஒரு குடம் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தால், ஒரு மில்லிலிட்டரில் சுமார் 1.7 நானோகிராம் இருக்கும். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. நல்ல நிலையில் இருக்கும் மெஷின் அதைத் தடுமாறாமல் கண்டுபிடிக்கும்.

இப்போது ஐந்து நாள் கேள்விக்கு வருகிறேன். மருந்து உடம்பிலிருந்து ஒரு நாளில் மறைந்துவிடாது, பாதி பாதியாகக் குறையும். பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தை அரை ஆயுள் என்கிறோம். நாயில் மெலாக்சிகாமின் அரை ஆயுள் சுமார் 24 மணி நேரம். வழக்கமான அளவு கொடுத்த நாயின் இரத்தத்தில் உச்சத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 450 நானோகிராம் இருக்கும். ஒரு நாளில் 225, இரண்டாம் நாள் 112, மூன்றாம் நாள் 56, நான்காம் நாள் 28, ஐந்தாம் நாள் 14. லாரித் தண்ணீரில் 1.7-ஐப் பிடிக்கிற மெஷினுக்கு 14 என்பது மைக் வைத்துக் கத்துகிற மாதிரி. ஏழாம் நாளில்கூட மூன்றரை இருக்கும். ஒன்பதாம் நாளில்தான் ஒன்றுக்கும் கீழே போகும்.

இது சராசரி நாயின் கணக்கு. உங்கள் அண்ணனின் நாய் கொஞ்சம் மெதுவாகக் கழிக்கிற நாயாக, அரை ஆயுள் 30 மணியாக இருந்தால், அதே ஐந்தாம் நாளில் 14-க்குப் பதில் 28 இருக்கும். ஆறு மணி நேர வித்தியாசம் கடைசியில் இரண்டு மடங்காக வந்து நிற்கிறது. நான் சொன்னவை இரத்தத்தின் அளவுகள். சிறுநீரில் எண் வேறாக இருக்கும், மருந்தைவிட அதன் மாறிய வடிவங்களே அதிகம் தெரியும், ஆனால் குறைகிற போக்கு இதே போக்குதான். ஆக, அண்ணன் பொய் சொல்லவில்லை, லேப்பும் தப்பு செய்திருக்கத் தேவையில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். அங்கே தவறியது நாட்கணக்கு.

இந்த நாட்கணக்கில் பெரும்பாலானோர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. மருந்துப் பட்டியல்களில் ஒரு மருந்துக்கு எதிரே இத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கும். அது பெரும்பாலும் கண்டுபிடிக்கக்கூடிய காலம். அதாவது சில நாய்களுக்குக் குறிப்பிட்ட அளவு மருந்து கொடுத்து, எத்தனை மணி வரை தெரிந்தது என்று பார்த்த முடிவு. அந்தச் சில நாய்களும் நலமாக இருந்தவை, அளவும் ஒன்றுதான், எத்தனை நாள் கொடுத்தார்கள் என்பதும் நிர்ணயமானது. மருந்தை நிறுத்தி எத்தனை நாள் கழித்து ஓடவிடலாம் என்பது வேறு கணக்கு. கண்டுபிடிக்கும் காலத்தின் மேல் டாக்டர் தன் அறிவைக் கொண்டு ஒரு பாதுகாப்பு இடைவெளி சேர்க்க வேண்டும். ஒரு வாரம் தொடர்ந்து கொடுத்த நாய், வயதான நாய், கல்லீரல் சோர்ந்த நாய், இவற்றுக்கெல்லாம் இடைவெளி கூட வேண்டும். பட்டியலில் பார்த்த எண்ணை அப்படியே நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு ஓடவிட்டால், பாதி நாய்கள் தப்பும், மீதியில் ஒன்று சிக்கும்.

மருந்துக்கு மருந்து இந்த வேகம் எப்படி மாறுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பான விஷயம். நாயின் இரத்தத்தில் ரோபெனாகாக்சிப் என்ற மருந்தின் அரை ஆயுள் ஒரு மணி நேரம் அளவுதான். கார்ப்ரோஃபெனுக்குச் சுமார் எட்டு மணி. பிராக்சிகாமுக்கு 40 மணி. நாப்ராக்சென் என்ற, மனிதர்கள் மூட்டு வலிக்குப் போடும் மாத்திரை, நம் உடம்பில் 12 முதல் 17 மணியில் பாதியாகிவிடும். நாயிலோ 74 மணி வரை இழுக்கிறது. நாய் அதைப் பித்தத்தோடு குடலுக்குள் தள்ளுகிறது. குடல் அதைத் திரும்ப உறிஞ்சி இரத்தத்துக்கே அனுப்பிவிடுகிறது. இப்படியே சுற்றிச் சுற்றி வரும். ஃபினைல்பியூட்டசோன் இதற்கு நேர் எதிர். மனித உடம்பில் மூன்று நாள் அளவுக்கு நிற்கும் மருந்து, நாயில் சில மணி நேரத்தில் பாதியாகிவிடும். மனிதரைப் பார்த்து நாய்க்குக் கணக்குப் போடுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று தெரியவில்லை.

"எப்போது கொடுத்தோம் என்று மெஷின் சொல்லாதா?" சொல்லாது தம்பி. இந்த இடத்தில் ஆய்வகங்கள் தங்கள் எல்லையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறவன் நான். சிறுநீரில் இருக்கும் அளவு, நாய் எவ்வளவு தண்ணீர் குடித்தது என்பதைப் பொறுத்தே இரண்டு மூன்று மடங்கு மாறும். சிறுநீர் காரமாக இருந்தால் அமில மருந்துகள் வேகமாக வெளியேறும், அமிலமாக இருந்தால் தங்கும். ஐந்து நாள் முன்பு கொடுத்த முழு அளவும், நேற்று தவறிப்போய் உள்ளே போன சிறு துணுக்கும் ஒரே எண்ணைத் தரலாம். இரத்த மாதிரி இருந்தால் கொஞ்சம் நெருங்கிச் சொல்லலாம். அசல் மருந்துக்கும் அதன் மாறிய வடிவத்துக்கும் உள்ள விகிதமும் குறிப்புத் தரும். ரோமத்தை வெட்டிப் பார்த்தால் வாரக்கணக்கில் பின்னோக்கிப் போகலாம். எதுவும் தேதி போட்டுக் கொடுக்காது.

தவறிப்போய் என்று சொன்னேன் அல்லவா, அது அடிக்கடி நடக்கிற ஒன்று. ஆஸ்திரேலியாவில் பந்தய நாய்களுக்கு, மனிதர் உண்ணத் தகாதென்று ஒதுக்கிய மாடுகள், குதிரைகளின் பச்சை இறைச்சி நிறையப் போகிறது. அந்த மாடு ஏன் ஒதுக்கப்பட்டது? பெரும்பாலும் நோய்ப்பட்டோ அடிபட்டோ விழுந்து, மருந்து ஏற்றியும் எழாமல் போனதால். அந்த மருந்து இறைச்சியில் இருக்கும். அது நாய்க்குள் போகும், சிறுநீரில் வரும். புளியந்தோப்பு ஆடுதொட்டிப் பக்கம் கழிவு இறைச்சி வாங்கி வேட்டை நாய்களுக்குப் போடுகிற நம்மாட்களுக்கும் இதைச் சொல்லிக்கொள்கிறேன். எந்த ஆட்டுக்குக் கடைசியாக என்ன ஊசி போட்டார்கள் என்பது அந்தப் பொட்டலத்தில் எழுதியிருக்காது. குடலிலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் எச்சம் இன்னும் அதிகம் நிற்கும்.

குதிரைகளில் இன்னொரு வழி கண்டறியப்பட்டிருக்கிறது. ஃப்ளூனிக்சின் என்ற வலி மருந்து கொடுத்த குதிரை தன் சிறுநீர் நனைத்த வைக்கோலைத் தின்று, நிறுத்திய மருந்தைத் தானே திரும்ப ஏற்றிக்கொள்கிறது. நாயும் தரையை நக்கும், பக்கத்துக் கூண்டு நாயின் சிறுநீரை மோந்து நக்கும். மருந்து கொடுத்த நாயைத் தனியே வைத்து, அந்தக் கூண்டைக் கழுவிவிட வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். மனிதர்களின் கையும் ஒரு வழி. முழங்கால் வலிக்கு டைக்லோஃபினாக் ஜெல் தேய்த்துக்கொண்டு, கை கழுவாமல் நாய்க்குச் சோறு பிசைந்தால் போதும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்து தைலமும் ஜெல்லும் பூசிக்கொள்ளும் வீடுகளில் நாய் முதலில் நக்குவது அந்தக் கையைத்தான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் ஒரு துணுக்குக்காகத் தண்டிப்பது நியாயமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிரான்சின் துலூஸ் நகரில் இருந்த தூத்தேன், லாசூர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002-இல் குதிரைகளை முன்வைத்து இதற்கு ஒரு வழி சொன்னார்கள். மருந்து வேலை செய்யத் தேவையான இரத்த அளவை எடுத்துக்கொள். அதை 500-ஆல் வகு. அதற்குக் கீழே இருந்தால் உடம்பில் எந்த விளைவும் இல்லை என்று கொள்ளலாம். மெஷின் எவ்வளவு நுட்பமாகப் பிடிக்கிறது என்பதை விட்டுவிட்டு, உடம்பில் என்ன விளைவு என்பதிலிருந்து எல்லையை வகுக்கும் இந்தச் சிந்தனை, இன்று பந்தய உலகில் சிகிச்சை மருந்துகளுக்கான எல்லைகளுக்கு அடிப்படையாக இருக்கிறது. எனக்கு இது சரியாகவே படுகிறது. மெஷின்கள் ஆண்டுக்கு ஆண்டு கூர்மையாகிக்கொண்டே போகும்போது, "எதுவுமே தெரியக் கூடாது" என்ற விதி நேர்மையாகச் சிகிச்சை கொடுத்தவரைத்தான் அதிகம் அடிக்கும்.

ஆனால் எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. இந்த மருந்துகள் அமிலமானவை, இரத்தப் புரதத்தோடு இறுக ஒட்டிக்கொள்பவை. வீங்கிய இடத்தில் புரதம் கசிந்து சேர்ந்திருக்கும், அங்கே இவை போய்த் தேங்கிவிடும். ரோபெனாகாக்சிப் இரத்தத்தில் ஒரு மணியில் பாதியானாலும், வீங்கிய மூட்டில் அதைவிட வெகு நேரம் நின்று வேலை செய்யும். இரத்தம் சுத்தமாகத் தெரிகிற நேரத்தில் கால் இன்னும் மரத்திருக்கலாம். ஆகவே எண் சிறியது என்பதால் மட்டும் நாய் வலியை உணர்ந்துதான் ஓடியது என்று சொல்லிவிட முடியாது. மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசிகள் இதில் இன்னும் மோசம். சில வகைகள் மெதுவாகக் கரைந்து வாரக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

அண்ணனுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். முதலில் டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு, கொடுத்த தேதி, நேரம், அளவு எல்லாவற்றையும் எழுத்தில் சேர்க்கட்டும். நினைவிலிருந்து சொல்வதற்கு அங்கே மதிப்பு குறைவு. இரண்டாவது பாட்டிலை வேறு ஆய்வகத்தில் சோதிக்கக் கேட்கும் உரிமையை, கெடு முடிவதற்குள் பயன்படுத்தட்டும். அறிக்கையில் "இருக்கிறது" என்று மட்டும் இருந்தால், அளவு எவ்வளவு, மாறிய வடிவங்கள் பார்க்கப்பட்டனவா, மருந்தே இல்லாத வெற்று மாதிரி அதே வரிசையில் ஓட்டப்பட்டதா என்று கேட்கட்டும். முந்தைய மாதிரியின் மிச்சம் குழாயில் ஒட்டி அடுத்ததில் தெரிவது அரிது, ஆனாலும் வெற்று மாதிரி சுத்தமாக இருந்ததைப் பார்த்துவிட்டால் அந்தச் சந்தேகம் போய்விடும். அந்த வாரம் போட்ட இறைச்சியில் மிச்சம் ஃப்ரீசரில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், சோதனைக்குக் கொடுக்கலாம். இவ்வளவும் செய்தாலும் பெரும்பாலான இடங்களில் பந்தய விதி, மருந்து எப்படி வந்தது என்பதைப் பார்க்காமல், இருந்ததற்கே பயிற்சியாளரைப் பொறுப்பாக்கும். வந்த வழியை நிரூபித்தால் தண்டனை குறையலாம். இதை அவர் தெரிந்துகொண்டு போவது நல்லது.

இனி உங்கள் சிப்பிப்பாறை.

சில வருடங்களுக்கு முன் புதுவண்ணாரப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் 22 கிலோ எடையுள்ள ஒரு கன்னி நாய் இருந்தது. ஓடிவிட்டு வந்து நொண்டியது. அந்த வீட்டுப் பையன், ஐபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் மாலையும் மூன்று நாள் பாலில் கரைத்துக் கொடுத்தான். நொண்டல் நின்றது. நான்காம் நாள் நாய் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் தார் மாதிரி கறுப்பாக வெளிக்குப் போனது. எனக்கு போன் வந்தபோது ஈறைப் பார்க்கச் சொன்னேன், வெள்ளைத்துணி மாதிரி இருக்கிறது என்றார்கள். ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். வயிற்றுச் சுவர் துளைத்துவிட்டிருந்தது, பிழைக்கவில்லை. அந்தப் பையன் பாசத்தில்தான் கொடுத்தான். அவனை நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அந்த ஈறின் நிறம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. உங்கள் கேள்வியின் கடைசி வரியைப் படித்ததும் உட்கார்ந்து இவ்வளவு எழுதுவதும் அதனால்தான்.

நடப்பது என்னவென்றால், வலியை உண்டாக்கும் அதே வகைப் பொருள்தான் வயிற்றின் உள்சுவரைக் காக்கும் சளியையும் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தையும் பேணுகிறது. மருந்து அதன் உற்பத்தியை அடைக்கும்போது வலியோடு சேர்ந்து காவலும் போகிறது. நாயின் வயிறு இதற்கு நம்முடையதைவிடப் பலமடங்கு எளிதில் பாதிக்கப்படும். நாப்ராக்சென் 250 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை 25 கிலோ நாய்க்குக் கொடுத்தால் கிலோவுக்கு 10 மில்லிகிராம். கிலோவுக்கு ஐந்திலேயே நாய்களுக்கு நஞ்சாகியிருக்கிறது. ஆக, நீங்கள் கேட்ட "பாதி"யும் நஞ்சின் அளவுதான். அதுவும் 74 மணி நேரக் கணக்கில் நிற்கும் என்பதால் மறுநாள் கொடுக்கும் பாதி, நேற்றைய பாதியின் மேல் ஏறி உட்காரும். வெயிலில் ஓடி நீர் வற்றிய நாய்க்குச் சிறுநீரகமும் சேர்ந்து போகும். டைக்லோஃபினாக்கும் நாய்க்கு ஆகாது. மாடுகளுக்குப் போட்ட அந்த மருந்துதான் இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்றது. கால்நடைகளுக்கு அதை 2006-இல் தடை செய்தார்கள். கீட்டோப்ரோஃபெனும் அசெக்லோஃபினாக்கும் 2023-இல் தடையாயின. மெலாக்சிகாம் கழுகுகளுக்குப் பாதுகாப்பானது என்று தெரிந்து நிலைத்தது.

இங்கே ஓட்டம் விடுகிற சில இடங்களில் ஓட்டத்துக்கு முன் ஊசி போடும் பழக்கம் இருப்பதாக என் காதுக்கு வருகிறது. இங்கே சிறுநீர் பிடிக்க யாரும் வரமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் கேடு தரும் மருந்தைத் தெரிந்தே பிராணிக்குக் கொடுப்பது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் 11-ஆம் பிரிவின்படி குற்றம். கிண்ணம் நீட்டுகிற ஆள் இல்லாத இடத்தில் நாய்க்கு இருக்கும் ஒரே சோதகர் நீங்கள்தான்.

நாளைக்கே ஓட்டத்தை நிறுத்துங்கள். சமதரையில் மெதுவாக நடக்கவிட்டு, எந்தக் காலை வைக்கத் தயங்குகிறது என்று செல்போனில் வீடியோ எடுங்கள். டாக்டர் அறையில் பயத்தில் பல நாய்கள் நொண்டுவதை நிறுத்திவிடும். கணுவைத் தொட்டுப் பாருங்கள், மற்றக் காலைவிடச் சூடாக இருக்கிறதா, வீக்கம் உண்டா என்று. அப்புறம் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் எக்ஸ்ரே எடுங்கள். டாக்டர் மெலாக்சிகாமே எழுதலாம். முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், மறுநாளிலிருந்து 0.1 என்று நாயின் எடைக்குக் கணக்குப் போட்டு, சாப்பாட்டோடு கொடுக்கச் சொல்வார். எடையை ஊகித்துச் சொல்லாமல் அங்கேயே நிறுத்துப் பாருங்கள். ஏற்கெனவே ஏதாவது மாத்திரை கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள், அதன் மேல் இதையும் சேர்த்துக் கொடுத்தால் வயிறு தாங்காது. கொடுத்த மாத்திரையின் பெயர் நினைவில் இல்லையென்றால், காலி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.